ஆறு நாள் மலை ட்ரெக், முதுகில் 20 கிலோ: எதைக் கழிப்பது?

#1 புதுத்தடம்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் நான்கு பேர். ஒரு நாள், இரண்டு நாள் ட்ரெக் எல்லாம் நால்வருக்கும் பழக்கம்தான். இந்த முறை, வழியில் விடுதியோ கடையோ எதுவுமே இல்லாத நீண்ட பாதை ஒன்றைப் பிடித்திருக்கிறோம். 85 கிமீ, ஆறு நாள். சுமை தூக்க ஆள் கிடையாது. எல்லாம் எங்கள் முதுகில்தான்.

நேற்று எல்லாவற்றையும் பையில் அடைத்து எடை போட்டேன். மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்ததில் தோள்பட்டை சிவந்துவிட்டது. கணக்கு இதோ:

டென்ட் (இருவர் படுப்பது) 3.1 கிலோ
ஸ்லீப்பிங் பேக் 1.8
ஃபோம் மேட் 0.4
காலிப் பை 2.3
சாப்பாடு 5.4 (ஒரு நாளைக்கு 900 கிராம்)
துணிமணி 2.6
ஸ்டவ், பாத்திரம், கேஸ் 1.1
கேமரா, பவர் பேங்க், சார்ஜர் வகையறா 1.3
தண்ணீர் 2.0

கூட்டினால் சரியாக 20 கிலோ.

பாதை: தொடங்கும் இடம் 2400 மீட்டர். முதல் நாள் 12 கிமீ, 3000 மீட்டரில் கேம்ப். இரண்டாம் நாள் 15 கிமீ, 3700 மீட்டரில் கேம்ப். மூன்றாம் நாள் 4450 மீட்டர் கணவாயைத் தாண்டி மறுபக்கம் 3500க்கு இறக்கம், 21 கிமீ. நான்காம் நாள் மாலை ஓர் ஆற்றைக் கடந்து அக்கரையில் தங்குகிறோம். மிச்சமெல்லாம் இறக்கம்தான்.

என் கேள்வி ஒன்றுதான். இதில் எதைக் கழிக்கலாம்?

#2 இறகுப்பை

வாங்க ப்ரோ. பெரிய மூன்றில் கை வைக்காமல் மற்றதைக் குடைந்து பிரயோஜனமில்லை. டென்ட், ஸ்லீப்பிங் பேக், காலிப் பை. உங்களுக்கு இந்த மூன்றுமே 7.2 கிலோ. பல் துலக்கும் பிரஷ்ஷை ஒடித்து எடை குறைக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதுதான், 7 கிலோ இங்கே உட்கார்ந்திருக்கும்போது!

முதலில் சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் மூன்றையும் தள்ளிவிட்டு மிச்ச எடையைப் பாருங்கள். நாங்கள் பேஸ் வெயிட் என்று சொல்வது அதைத்தான். உங்களுடையது 12 கிலோ சொச்சம். 9 கிலோவுக்குக் கீழே வந்தால் லைட்வெயிட், 4.5 கிலோவுக்குக் கீழே என்றால் அல்ட்ராலைட் என்பது இந்த வட்டாரத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 4.5க்கு நீங்கள் வர வேண்டியதில்லை. ஆனால் 12 என்பது அநியாயம்.

வாங்கும் வரிசையும் முக்கியம். காலிப் பையைக் கடைசியில் மாற்றுங்கள். மற்றதெல்லாம் சுருங்கிய பிறகுதான் எத்தனை லிட்டர் பை வேண்டும் என்றே தெரியும். முதலிலேயே சின்னப் பை வாங்கிவிட்டு, டென்டை வெளியே கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

எடை குறைந்தால் என்னென்ன நடக்கும் என்பதற்கு எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி போதும். 1955இல், 67 வயதில், அமெரிக்காவின் சுமார் 3500 கிமீ நீள அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற நடைபாதையைத் தனியாக நடந்து முடித்தார். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணி மூட்டை. டென்ட்கூடக் கிடையாது.

#3 பழைய பூட்ஸ்

> காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணி மூட்டை

இந்தப் பாட்டியை எல்லா இழையிலும் கூட்டி வந்துவிடுகிறீர்கள். அவர் சாதனையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாதையின் உச்சப் புள்ளியே 2025 மீட்டர்தான். தம்பி நடக்கத் தொடங்கும் இடமே அதைவிட உயரம். போதாததற்கு அங்கே வழியெங்கும் ஊர்கள் வரும், பாட்டி பல இரவுகள் யார் வீட்டிலாவது படுத்துக்கொண்டார். இதேபோல் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சுற்றுப்பாதையை ஏழு கிலோவோடு முடித்தேன் என்றும் சிலர் எழுதுவார்கள். சுமார் 170 கிமீ, உண்மைதான். ராத்திரிக்கு விடுதியில் கட்டிலும் சூடான சாப்பாடும் கிடைக்கும் என்பதை மட்டும் எழுத மறந்துவிடுவார்கள்.

தம்பி, ஒரு சின்ன விஷயம். நான்கு பேர் போகிறீர்கள். இருவர் டென்ட் முழுவதும் உன் கணக்கில் இருக்கிறதே, கூட்டாளி என்ன சுமக்கிறான்? ஸ்டவ்வும் ஆளுக்கு ஒன்றா?

#4 ஈரக்காலுறை

பட்டியலில் ஹெட்லேம்ப் இல்லை. முதலுதவிப் பொருள் இல்லை. விசில் இல்லை. மழைக்கோட்டு துணிமணியில் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். 20 கிலோ என்பதே குறைவான கணக்குதான், வாழ்த்துகள்.

#5 சமஉயரக்கோடு

எடைப் பேச்சு நடக்கட்டும். நான் முதல் பதிவில் பாதையைச் சொல்லும் பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த ட்ரெக்கில் பிரச்சினை 20 கிலோ இல்லை, மூன்றாம் நாள்.

ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்னும் செல்லுபடியாகிறது. சமதளத்தில் ஐந்து கிமீக்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் மூன்றாம் நாள் 21 கிமீ, 750 மீட்டர் ஏற்றம். நாலே கால் மணி, ஒன்றே கால் மணி, ஆக ஐந்தரை மணி நேரம். அடடா, சுலபம் என்று தோன்றும். ஆனால் அது சுமை அதிகமில்லாத, பழகிய கால்களுக்கான கணக்கு. ஓய்வு அதில் சேராது, 4000 மீட்டரின் மெல்லிய காற்றும் சேராது. நால்வர் கூட்டத்துக்கு ஒன்றரை மடங்கு போடுவது என் வழக்கம். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

எட்டு மணி நேரம் நடப்பதில் தப்பில்லை. கணவாயில் எத்தனை மணிக்கு நிற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. கேம்ப்பிலிருந்து கணவாய் எட்டு கிமீ என்று வைத்துக்கொண்டால், அதே கணக்கில் நாலேகால் மணி நேரம். கேம்ப்பைக் கலைத்து, டென்டைக் காயவைத்து, காலை எட்டு மணிக்குக் கிளம்பும் கூட்டம் மேலே போய்ச் சேரும்போது பகல் பன்னிரண்டரை, ஒன்று. கோடையில் மலை முகடுகளில் இடி மின்னல் கூடுகிற நேரமே அதுதான். வெயில் ஏற ஏறச் சரிவிலிருந்து சூடான காற்று மேலே போய் மேகமாகத் திரளும். பத்து மணிக்குப் பஞ்சு போல இருந்த மேகம் ஒரு மணிக்குக் கறுத்து நிற்பதை மலையில் யாரும் பார்க்கலாம். முகட்டில் உங்களைவிட உயரமான பொருள் வேறு எதுவும் இருக்காது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் ஏற்கனவே தாமதம்தான்.

ஆகவே என் யோசனை. இரண்டாம் நாளின் 15 கிமீயை இரண்டாக உடையுங்கள். 3350 மீட்டரில் ஒரு இரவு, 3700இல் அடுத்த இரவு. நாலாம் நாள் ஐந்து மணிக்கெல்லாம் ஹெட்லேம்ப் போட்டுக்கொண்டு கிளம்பினால் ஒன்பதரைக்குள் கணவாய். பாதை மொத்தம் ஏழு நாள்.

இன்னொன்று. ஒவ்வொரு கேம்ப்புக்கும் பக்கத்தில், அங்கிருந்து நடந்து கீழே சாலையையோ ஊரையோ அடைய வழி இருக்கிறதா என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சமஉயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி வருகிற பக்கம் வழி என்று எழுதாதீர்கள், அது பாறைச் சரிவு. கணவாய் நாளின் நடுப்பகுதியில் அப்படி வெளியேற வழியே இருக்காது என்று நினைக்கிறேன். இருக்காதென்றால், அந்த நாளுக்குத் திரும்பும் நேரம் ஒன்றை முன்னமே நிர்ணயியுங்கள். பதினோரு மணிக்குக் கணவாயில் இல்லையென்றால், எத்தனை மீட்டர் மிச்சமிருந்தாலும் திரும்புகிறோம் என்று.

#6 புதுத்தடம்

சார், எடையைக் கழிக்க வந்தவனிடம் ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டச் சொல்கிறீர்கள். விடுப்பும் ஆறு நாளுக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கூட வருகிற ஒருவன் நல்ல ஓட்டக்காரன், 3700 எல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை என்கிறான்.

#7 மலைக்காற்று

மருத்துவம் பார்ப்பவள் என்பதால் அந்தக் கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உடல் வலுவுக்கும் உயரம் ஒத்துக்கொள்வதற்கும் சம்பந்தமில்லை. ஓட்டக்காரர்களுக்கு உண்மையில் ஆபத்து சற்று அதிகம், ஏனென்றால் அவர்கள் வேகமாக ஏறிவிடுவார்கள்.

3000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு இரவு கூடுதலாகத் தங்க வேண்டும். பகலில் மேலே போய்விட்டு இறங்கி வந்து படுத்தால் தப்பில்லை, எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு. உங்கள் பழைய திட்டத்தில் ஒரே நாளில் 700 மீட்டர், மறுநாளே கணவாய். நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றில் 5416 மீட்டர் தோரோங் லா கணவாயைத் தாண்டப் போகிறவர்கள் வழியில் மனாங் என்ற ஊரில் ஒரு நாள் சும்மா தங்குகிறார்களே, அது ஊரைச் சுற்றிப் பார்க்க மட்டுமல்ல.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி இவற்றில் ஏதாவது சேர்ந்தால் மலை நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே நில்லுங்கள், சரியாகும்வரை மேலே போகாதீர்கள். அவரைத் தரையில் ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் தொடும்படி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இரவோ பகலோ அப்போதே கீழே இறக்குங்கள். முந்தையது மூளையில் வீக்கம், பிந்தையது நுரையீரலில் நீர். இரண்டும் விடியும்வரை காத்திருக்காது. தனியாக இறங்கிப் போ என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

முன்கூட்டியே அசிட்டசோலமைடு எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மாத்திரை உடல் பழகுவதை விரைவாக்கும். அவசரமாக ஏறுவதற்கு அது உரிமம் ஆகாது. வலி மாத்திரையைப் போட்டுத் தலைவலியை அமுக்கிவிட்டு ஏறுவதும் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், குளிர்ந்த விரலில் அது கண்டபடி காட்டும்.

தொடங்கும் 2400 மீட்டரிலேயே ஒரு இரவு தங்கிவிட்டுக் கிளம்ப முடிந்தால் உத்தமம்.

#8 இறகுப்பை

> ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டச் சொல்கிறீர்கள்

கூட்டுங்கள், எடை கூடாது. நாளைக்கு 900 கிராம் என்பது அதிகம் என்று சொல்லவில்லை, அதில் எத்தனை கலோரி என்று பார்த்தீர்களா? மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு நாலு கலோரி, கொழுப்பில் ஒன்பது. டின்னில் அடைத்தது, ஈரமுள்ளது, பழம் எல்லாம் தண்ணீரைச் சுமப்பதுதான். கொட்டைகள், நிலக்கடலை வெண்ணெய், எண்ணெய் இவற்றைச் சேர்த்து சராசரியைக் கிராமுக்கு நாலரைக்குக் கொண்டு வந்தால், 750 கிராமிலேயே 3300 கலோரிக்கு மேல் வந்துவிடும். ஏழு நாளுக்கு 5.25 கிலோ. நீங்கள் ஆறு நாளுக்குக் கட்டியதைவிடக் குறைவு!

சமைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 3700 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு, அரிசி போன்றவை வேக நெடுநேரம் பிடிக்கும், கேஸ் காலி. கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் ஊறுகிற உணவாகப் பாருங்கள். கேஸ் கணக்கு, காற்றுத் தடுப்பு இருந்தால் லிட்டருக்கு 10 முதல் 15 கிராம். இரண்டு பேருக்கு ஒரு ஸ்டவ் தாராளம்.

குப்பியில் வெறும் பியூட்டேன் என்றால் உறைநிலைக்கு அருகே கிட்டத்தட்ட எரியாது, அதன் கொதிநிலையே மைனஸ் அரை டிகிரி. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்ததாக வாங்குங்கள். ராத்திரி குப்பியைக் காலடியில் போட்டுப் படுத்தால் விடியற்காலையில் மக்கர் பண்ணாது. டென்டுக்குள் மட்டும் ஸ்டவ்வை ஏற்றாதீர்கள். தீயைவிடக் கார்பன் மோனாக்சைடுதான் எனக்குப் பயம், வாசனையே இல்லாமல் ஆளைத் தூக்கிவிடும்.

#9 ஈரக்காலுறை

இரண்டு பேரும் முதுகைப் பற்றியே பேசுகிறீர்கள். நீண்ட ட்ரெக்கில் முதலில் மனிதனை வீழ்த்துவது கால்.

கொப்புளத்துக்கு வேண்டியது சூடு, ஈரம், உரசல். மூன்றில் ஒன்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. குதிகாலில் ‘சுர்’ரென்று ஒரு சூடு தட்டும். கூட வருகிறவர்கள் முன்னே போய்க்கொண்டிருப்பார்கள், நிறுத்தக் கூச்சமாக இருக்கும். அங்கேதான் நிறுத்த வேண்டும். ஷூவைக் கழற்றி, தோலைத் துடைத்துக் காயவிட்டு, டேப் ஒட்ட வேண்டும். டேப்பின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வளைவாக வெட்டிவிட்டு ஒட்டினால் சாக்ஸில் சுருண்டு பிரியாது. அரை மணி கழித்து ஒட்டுவதெல்லாம் வெறும் சமாதானம்.

இறக்கத்தில் விரல் நுனி முட்டும், நகம் கறுக்கும். நகத்தைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும், சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று கணுக்காலருகே லேஸை இறுக்குங்கள்.

பழைய பூட்ஸ் அண்ணன் சண்டைக்கு வருவார், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்: வாட்டர்ப்ரூஃப் பூட்ஸின் மேல்வாய் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் அது மறுநாளும் காயாது. வலைத்துணி ஷூ நடக்க நடக்கவே காயும்.

#10 பழைய பூட்ஸ்

சண்டை இல்லை. பனியும் சரளைச் சரிவும் இருக்கிற பாதையில் பூட்ஸ், நல்ல தடத்தில் ஷூ. இதற்கு மேல் இந்த விஷயத்தில் பேச எதுவும் இல்லை, ஆனாலும் இன்னும் பத்து வருஷம் பேசுவோம்.

நான் வந்தது ஆற்றுக்காக. தம்பி நாலாம் நாள் மாலை ஆற்றைக் கடந்து அக்கரையில் தங்குகிறோம் என்று எழுதியிருக்கிறான். அந்த ஆறு பனியாற்றிலிருந்து வருகிறது என்றால் மாலையில்தான் அதில் தண்ணீர் அதிகம். பகல் வெயிலில் உருகியதெல்லாம் அப்போதுதான் வந்து சேரும். விடிகாலையில் அதே இடத்தில் முழங்காலுக்குக் கீழே ஓடும். இக்கரையில் மேடான இடத்தில் தங்கிவிட்டு மறுநாள் முதல் வேலையாகக் கடந்துவிடுங்கள்.

கரையில் நின்று முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். அடியில் ‘கடகட’ என்று கற்கள் உருளும் சத்தம் கேட்டால் கடக்க வேண்டாம், அந்த நீரோட்டம் உங்கள் காலையும் அப்படியே உருட்டும். ஆறு குறுகலாக ஓடும் இடத்தைத் தேடாதீர்கள். ஆறு அகலமாகி, கிளை கிளையாகப் பிரியும் இடம்தான் ஆழம் குறைவு. கீழ்ப்பக்கம் அருவியோ மரக்கட்டைகள் சிக்கிய இடமோ இருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு இறங்குங்கள், விழுந்தால் பையை உதறிவிட வேண்டும். வெறுங்காலோடு இறங்காதீர்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி, கையில் கம்போடு, ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டும் நகர்த்துங்கள். நால்வரும் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகப் போவது இன்னும் நல்லது.

#11 தனிநடை

எல்லோரும் பொருளையும் பாதையையும் பார்த்துவிட்டீர்கள். நான் அந்த நான்கு பேரைப் பற்றிக் கேட்கிறேன். உங்களில் மெதுவானவர் யார்? அவருக்கு அது தெரியுமா? மற்ற மூவரும் அதை அவரிடம் முகத்துக்கு நேரே பேசியிருக்கிறீர்களா?

சிரிப்பாக இருக்கும். ஆனால் கூட்டமாகப் போகிறவர்கள் சிதறுவது பெரும்பாலும் இங்கேதான். வேகமானவர்கள் முன்னே போய் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும், ‘வந்துட்டியா, போலாமா’ என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவையான அந்த ஒருவருக்குத்தான் ஓய்வே கிடைத்திருக்காது. அவரை முன்னே நடக்கவிடுங்கள். வேகத்தை அவர் தீர்மானிக்கட்டும்.

ஒருமுறை நாள் முழுக்கத் தூறலில் நடந்த ஒரு குழுவோடு ஒரே இடத்தில் கேம்ப் போட்டேன். பனியெல்லாம் இல்லை, எட்டுப் பத்து டிகிரி இருக்கும், காற்று மட்டும் பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு பையன் டென்ட் ஜிப்பை இழுக்க முயன்றுகொண்டிருந்தான். ஜிப்பின் நாக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க மறுத்தன. உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தான். என்ன ஆச்சு என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பதைக்கூடக் குழறினான். போட்டிருந்தது பருத்தி டீஷர்ட், மேலே ஜாக்கெட். அவன் நண்பர்கள் அவன் சோர்வாக இருக்கிறான் என்று நினைத்து டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரத்துணியை உருவி, காய்ந்ததை மாட்டி, ஸ்லீப்பிங் பேக்கில் புகுத்தி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக் கொடுத்தோம். முக்கால் மணி கழித்துத்தான் ஒழுங்காகப் பேசினான். குழறுவது, பொருளைத் தவறவிடுவது, தடுமாறுவது, இந்த மூன்றும் உடல் வெப்பம் இறங்குவதன் அறிகுறி. நடுங்கிக்கொண்டிருந்தவன் சூடு வராமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் நிலைமை ரொம்ப மோசம்.

அதனால் துணியைக் குறைக்கச் சொல்வேன், ஆனால் முதலில் பையிலிருந்து நீக்க வேண்டியது பருத்தித் துணியை. நடக்க ஒரு ஜோடி, தூங்க ஒரு ஜோடி. தூங்கும் ஜோடி எக்காரணம் கொண்டும் நனையக் கூடாது. காலையில் ஈரத்துணியையே திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், அது கொடுமைதான், இரண்டு நிமிஷக் கொடுமை.

தூக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. உயரம் 1000 மீட்டர் கூடினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். 2400இல் ராத்திரி 10 டிகிரி என்றால் 3700இல் ஒன்றோ இரண்டோதான், பள்ளத்தில் டென்ட் போட்டால் இன்னும் குறையும், குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும். ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் எண் கம்ஃபர்ட்டா லிமிட்டா என்று பாருங்கள். லிமிட் என்றால் சுருண்டு படுத்து ஒருவழியாக ராத்திரியைத் தள்ளலாம் என்று அர்த்தம். அந்த 400 கிராம் ஃபோம் மேட்டின் ஆர் வேல்யூ, அதாவது தரைக் குளிரைத் தடுக்கும் திறனின் எண், இரண்டு அளவில்தான் இருக்கும். அதை எறிய வேண்டாம், மேலே மெல்லிய காற்று மேட் ஒன்றைப் போடுங்கள், இரண்டின் எண்ணும் கூட்டிக்கொள்ளும். எடை குறைக்கும் வேகத்தில் எல்லோரும் இங்கே கை வைக்கிறார்கள், அப்புறம் தரை குளிர்ந்து தூக்கம் போகிறது.

#12 நெறியாளர்

சாட்டிலைட் கருவி வாங்கலாமா என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டிருக்கிறீர்கள். இங்கேயே கேளுங்கள், எல்லோருக்கும் பயன்படும். எந்தக் கம்பெனி நல்லது என்ற சண்டை மட்டும் வேண்டாம்.

#13 தனிநடை

சுருக்கமாக. பிஎல்பி என்பது கையடக்க ஆபத்து அறிவிப்புக் கருவி, 406 மெகாஹெர்ட்சில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு ஏற்பாட்டின் சாட்டிலைட்டுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும். சந்தா கிடையாது, ஆனால் பதிவு செய்திருக்க வேண்டும், நம்மால் எதுவும் எழுதிக் கேட்க முடியாது. சாட்டிலைட் மெசஞ்சர் கருவிக்குச் சந்தா உண்டு, இருபக்கமும் செய்தி போகும். கணுக்கால் சுளுக்கா, மூச்சே நிற்கிறதா என்று எதிர்முனைக்குத் தெரிந்தால் வருகிற உதவியே வேறு, அதனால் என் ஓட்டு மெசஞ்சருக்கு. சில நாடுகளில் முன் அனுமதி இல்லாமல் இவற்றை வைத்திருப்பதே குற்றம், முதலில் அதை விசாரியுங்கள். கருவி இல்லையென்றால் விசில். நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று.

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கீழே இருக்கும் ஒருவரிடம் கேம்ப் இடங்களையும், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

#14 சமஉயரக்கோடு

தண்ணீர் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. வரைபடத்தில் ஒரு மணி நேரத்துக்கொரு ஓடை இருந்தால் ஒரு லிட்டர் போதும். இரண்டாவது லிட்டரைக் கணவாய் நாளுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழல் இழை ஃபில்டர் பாக்டீரியாவையும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியையும் பிடிக்கும், வைரஸை விட்டுவிடும். ஒருமுறை நனைந்த ஃபில்டர் உறைந்தால் உள்ளிழைகள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள், ஃபோனும் பவர் பேங்க்கும்கூட. கொதிக்கவைப்பதானால் 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

அப்புறம் எல்லோரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிற விஷயம். தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் கேம்ப்பிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 செமீ ஆழத்துக்குக் குழி. காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். ஒரு சின்ன அலுமினியக் கரண்டி, சில கிராம்தான். இதில் எடை பார்க்கிறவர்களோடு நான் பேசுவதில்லை.

#15 புதுத்தடம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நால்வரும் உட்கார்ந்து பேசிவிட்டோம். விடுப்பை நீட்டியாயிற்று. ஓட்டக்காரன் கொஞ்சம் முரண்டு பிடித்தான், டாக்டர் எழுதியதைப் படிக்கச் சொன்னதும் அடங்கிவிட்டான். மெதுவானவர் யார் என்ற கேள்வியைக் கேட்டதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவரே கையைத் தூக்கினார். முன்னால் நடக்கப் போவதும் அவரே.

புது எடை: டென்டில் என் பங்கு 1.6, ஸ்டவ்வும் கேஸும் பாதிப் பங்கு 0.6, துணி 1.7, மின்சாதனம் 0.8 (கேமரா வீட்டிலேயே), தண்ணீர் 1, சாப்பாடு ஏழு நாளுக்கும் அவசரத்துக்கு ஒரு பொட்டலமும் சேர்த்து 5.65. விட்டுப்போன ஹெட்லேம்ப், முதலுதவி, விசில், காகித வரைபடம், கரண்டி எல்லாம் 0.6. ஸ்லீப்பிங் பேக், ஃபோம் மேட், பை பழையவையே. கூட்டினால் 16.45. காற்று மேட் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் 17க்குப் பக்கத்தில் போகும்.

பாதை ஏழு நாள். ஆற்றுக்கு இக்கரையில் தங்கி, ஆறாம் நாள் விடிந்ததும் கடக்கிறோம். கணவாயில் பதினோரு மணி என்பதை நால்வரும் ஒப்புக்கொண்டோம்.

கடைசியாக ஒன்று. தொடங்கும் இடத்துக்கு விமானத்தில் போகிறோம். கேஸ் குப்பியைச் செக்-இன் பெட்டியில் போடலாமா?

#16 பழைய பூட்ஸ்

கூடாது தம்பி. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது, காலிக் குப்பியாக இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். இறங்கிய ஊரில் வாங்கிக்கொள். அங்கே கிடைப்பது திருகு வாய்க் குப்பியா, குத்தித் திறப்பதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடு, உன் ஸ்டவ் திருகு வகை என்றால் குத்தித் திறக்கும் குப்பி அதில் மாட்டாது. ஸ்டவ்வைத் துடைத்து, கேஸ் வாசனை போகிறவரை காற்றாட வைத்துவிட்டுப் பெட்டியில் போடு.

#17 இறகுப்பை

17 கிலோவா! சரி, முதல் நாள் காலை மட்டும்தான் அந்த 17. தினமும் முக்கால் கிலோ குறையும். காற்று மேட் இரவல் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.